அக்கா பாஸான பரீட்சை

போன கிழமை பம்பலப்பிட்டி செக்பொயின்ற்றில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து, அடையாள அட்டை பார்க்க எல்லோரையும் இறக்கினார்கள். இதில் என்ன புதினம் என்று கேட்கிறீர்களா? ஒன்றுமில்லைதான். இப்போதெல்லாம் கொழும்பில் பஸ் ஏறுவதே இறங்கி நிற்பதற்குத்தானே!

நானும் அக்காவும் கொட்டாஞ்சேனை டொக்டரிடம் போய்க்கொண்டிருந்தோம். அக்காவுடைய பிரஷர் மருந்து முடிந்துவிட்டது. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற பெடியனுக்கு வியர்த்தது. எனக்கும் வியர்த்தது. அக்காவுக்கு மட்டும் வியர்க்கவில்லை. அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு, ஆமிக்காரர் வாயைத் திறக்குமுன்பே சிங்களத்தில் தொடங்கிவிட்டார்.

"மகே நம சிவபாக்கியம். மல்லிகே கெதர இன்னவா. பெஹெத் கன்ன யனவா."

என் பெயர் சிவபாக்கியம், தம்பி வீட்டில் இருக்கிறேன், மருந்து எடுக்கப் போகிறேன். அக்கா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த புதிதில் நான்தான் இந்த மூன்று வாக்கியத்தையும் பாடமாக்கிக் கொடுத்தேன். எங்கள் வெள்ளவத்தையில் வயதானவர்கள் இருக்கும் எந்த வீட்டில்தான் இந்த ரியூஷன் நடக்கவில்லை? பதில் தடுமாறினால் விசாரணைக்கு ஏற்றிவிடுவார்களே என்ற பயம்.

"ஹரி அம்மே, யன்ன," என்றார் ஆமிக்காரர். சரியம்மா, போங்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த வயதிலும் என்ன ஞாபகம்! அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். இந்தப் பத்தியை அச்சுக்குக் கொடுக்குமுன் வாசித்து, சிவப்புப் பேனையால் என் மானத்தை வாங்கும் அந்த ரீச்சர் அவர்தான்.

டொக்டர் எங்கள் ஊர்க்காரர். அதிகம் பேசாதவர். அவர் பிரஷர் பார்க்கும்போது அக்கா, "டொக்டர், தேத்தண்ணி குடிச்சிட்டீங்களோ?" என்று கேட்டார். ஓம் என்றார். கொஞ்ச நேரத்தில் அக்கா அதையே கேட்டார். அவர் கைப்பட்டியைக் கழற்றுவதற்குள் இன்னொரு தரம்... டொக்டர் என்னைப் பார்த்தார். அக்காவை வெளியே வாங்கில் இருக்கவைத்துவிட்டு என்னை விசாரிக்கத் தொடங்கினார்.

"அக்கா தனியா பஸ்ஸில போறவவோ?"

"இந்தக் காலத்தில ஆர் டொக்டர் தனியா விடுறது?"

"கடைக்கு?"

"நான்தான் போறனான்."

"சமையல்?"

"எங்கட வீட்டுக்காரி அடுப்படிக்க விடமாட்டா. 'மச்சாள், நீங்கள் இருங்கோ' எண்டு கரண்டியப் பறிச்சுப்போடுவா."

"மருந்து தானா எடுப்பாவோ? டெலிபோன் தானா அடிப்பாவோ?"

"நாங்கள் எடுத்துக் குடுப்பம். அடிச்சும் குடுப்பம்."

"அப்ப அவ தானாச் செய்யிறதெண்டு என்ன இருக்கு?"

யோசித்தேன். கடைசியில், "செக்பொயின்ற்றில நல்லாப் பதில் சொல்லுவா," என்றேன்.

"அது பாடமாக்கினது. நாலாவது கேள்வி கேட்டால்?"

டொக்டர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"நீங்கள் ஒண்டும் செய்ய விடேல்ல. அப்ப எது ஏலும், எது ஏலாதெண்டு எப்பிடித் தெரியும்? வீட்ட போய் ஒரு தேத்தண்ணி போட்டுத் தரச் சொல்லுங்கோ. உதவி செய்யாதேங்கோ. வாயும் திறக்காதேங்கோ. பாத்துப்போட்டு வந்து சொல்லுங்கோ."

நம்மவர்களின் பாசம் இருக்கிறதே... அறுபது தாண்டினால் கையில் இருக்கிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாங்கிவிடுவோம். கரண்டி, கடைப்பை, வீட்டுக் கதவுத் திறப்பு. பிறகு, "அவவுக்கு என்ன குறை, ராணி மாதிரி இருக்கிறா" என்று ஊரெல்லாம் சொல்லுவோம். போதாக்குறைக்கு யுத்தம் வேறு. ஒரு காரியமும் செய்யாதவர் ஒரு காரியத்திலும் பிழைவிடப் போவதில்லையே! பிழை தெரியாவிட்டால் மறதி வருத்தம் எப்படித் தெரியும்?

திரும்பி வரும்போதுதான் சிவப்புப் பேனை நினைவுக்கு வந்தது. சில கிழமைகளாக இந்தப் பத்தி அக்காவிடம் இருந்து ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்துகொண்டிருந்தது. என் தமிழ் தேறிவிட்டதென்று நான் மனைவியிடம் புளுகியும் இருந்தேன். ஐயோ என்று இருந்தது. பஸ் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் மனைவியைக் கீழ்மாடிக்கு அனுப்பிவிட்டு, "அக்கா, ஒரு தேத்தண்ணி போடுங்கோவன்," என்றேன்.

அவருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பினார். எத்தனை காலத்துக்குப் பிறகு ஒரு வேலை!

நான் அடுப்படி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கேத்தலில் தண்ணீர் பிடித்தார். சரி. அடுப்பில் வைத்தார். சரி. அடுப்பை மூட்டவில்லை. கேத்தலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோப்பைக்குள் தேயிலையைப் போட்டார், பச்சைத் தண்ணீரை ஊற்றினார், கரண்டியால் கலக்கினார். தேயிலை மேலே மிதந்தது. ஏதோ சரியில்லை என்று அவருக்கும் தெரிந்தது. எது என்று தெரியவில்லை. சீனிப் போத்தலைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். எட்டிப்போய் நெருப்புப் பெட்டியை எடுத்துக் கொடுக்க என் கை துடித்தது. டொக்டர் சொன்னபடி பேசாமல் நின்றேன்.

அப்போதுதான் அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாசலை மறித்துக்கொண்டு, கையைக் கட்டி, ஒரு வார்த்தை பேசாமல், தன்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிற ஓர் ஆம்பிளை.

அவர் முகம் மாறியது. இடுப்பில் செருகியிருந்த பேர்ஸை அவசரமாக இழுத்தெடுத்தார். வீடு சோதிக்க எப்போது வருவார்களோ என்று அடையாள அட்டை எந்நேரமும் அதற்குள்தான் இருக்கும். இரண்டு கையாலும் எனக்கு நீட்டினார்.

"மகே நம சிவபாக்கியம். மல்லிகே கெதர இன்னவா."

தம்பி வீட்டில் இருக்கிறாராம். தம்பியிடமே சொல்கிறார்!

"அக்கா, நான்தான் தம்பி. என்னைப் பாருங்கோ."

அவர் அட்டையைத் தாழ்த்தவில்லை. முதலில் இருந்து திரும்பச் சொன்னார். பம்பலப்பிட்டியில் வராத வியர்வை இப்போது அவர் நெற்றியில் வந்தது. என் அக்கா என்னைக் கண்டு பயப்படுகிறார். இதைப் பார்க்கவா இவ்வளவு காலம் உயிரோடு இருந்தேன்?

அட்டையை வாங்கினேன். பார்ப்பதுபோலப் பார்த்தேன். திருப்பிக் கொடுத்தேன்.

"ஹரி அம்மே, யன்ன," என்றேன்.

அக்காவின் முகம் தெளிந்தது. அட்டையைக் கவனமாகப் பேர்ஸுக்குள் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு அங்கேயே நின்றார்.

போகலாம் என்று சொல்லியாயிற்று. எந்தப் பக்கம் என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.