பரணில் இருந்த தங்கை

தேயிலைச் சரிவுக்குக் கீழே, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான பணிய லயத்தில் பெரியம்மை கண்டு எட்டு நாளாகியிருந்தது. யாரும் தோட்டத்தை விட்டுப் போகக் கூடாது என்று பாதையை மறித்திருந்தார்கள். அம்மை கண்டவர்களை ஆற்றோரத்துத் தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். பெற்றவளைக்கூட உள்ளே விடவில்லை. அங்கே போன ஒரு பிள்ளை திரும்பவேயில்லை. அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

அதனால்தான் தங்கையின் நெற்றியில் கொப்புளம் கண்டதும், அம்மா அவளைக் கம்பளியில் சுற்றி, விறகு அடுக்கும் பரணில் படுக்க வைத்தாள். யாராவது கேட்டால், வட்டகொடை அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லச் சொன்னாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை தோட்டத்து டாக்டரையா அம்மை குத்த வந்தார். கூடவே பெயர்ப் பட்டியலோடு கங்காணி. லயத்தில் எங்கள் ஒற்றை அறையான காம்பராவில் நான்கு பேர் இருக்க வேண்டும். மூன்று பேர்தான் நின்றோம்.

டாக்டரையா என் கையில் குத்திவிட்டு, பிடியை விடாமலே தங்கை எங்கே என்று கேட்டார். நேற்று வட்டகொடைக்குப் போனாள் என்றேன். சொன்ன பிறகுதான் பாதை மறித்திருப்பது நினைவுக்கு வந்தது. அவர் அதட்டவில்லை.

"பொய் சொன்னதுக்கு அடிக்க மாட்டேன், பிள்ள. தங்கச்சி தண்ணி குடிக்கிறாளா? அத மட்டும் சொல்லு."

முதல் நாள் இரவிலிருந்து அவள் ஒரு வாய்கூட விழுங்கியிருக்கவில்லை. அழுதுகொண்டே பரணைக் காட்டினேன்.

அம்மா ஏணிக்குக் குறுக்கே வந்து நின்றாள். "என்னைக் கொன்னுட்டுக் கொண்டு போங்க" என்றாள்.

டாக்டரையா அவள் முகத்திலிருந்த பழைய தழும்புகளைப் பார்த்தார். எப்போது வந்த அம்மை என்று கேட்டார். சின்ன வயதில் என்றாள்.

"அப்ப உங்களுக்கு இனி தொத்தாது. நீங்களே கூட வந்து பிள்ளயப் பாத்துக்கங்க."

அம்மாவுக்கு அது உடனே விளங்கவில்லை. அப்பா எடுத்துச் சொன்னதும் அவளே ஏறித் தங்கையை இறக்கினாள். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

நானும் அப்பாவும் காம்பராவுக்குள்ளேயே கிடந்தோம். பக்கத்துக் காம்பரா அக்கா சோற்றைப் படியில் வைத்துவிட்டு, தள்ளி நின்று கூப்பிடுவார். ஆற்றுப் பக்கமிருந்து யார் ஏறி வந்தாலும் அப்பா எழுந்து நிற்பார்.

ஐந்தாவது வாரம் இருவரும் வந்தார்கள். தங்கையின் இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. நான் காட்டிக் கொடுத்ததைப் பற்றி அம்மா கடைசிவரை பேசவில்லை.

இரண்டு நாள் முன்னாடியே சொல்லியிருந்தால் கண் தப்பியிருக்குமா என்று டாக்டரையாவிடம் பிறகு கேட்டேன். தெரியாது என்றார். இப்போது எனக்கு எழுபத்து மூன்று வயது. கொட்டகலையில் தங்கையோடுதான் இருக்கிறேன். அவளிடம் இதைப் பற்றி இன்னும் பேசியதில்லை.