பத்தியச் சட்டியில் கருவாடு

போர்க்காலம். அரிசி கிடைக்காமல், எங்கள் வீட்டில் காலையில் கம்பங்கூழ், ராத்திரிக்கு மரவள்ளிக் கிழங்கு என்று ஆகிவிட்டது. நான் திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். அந்த வருஷம்தான் என் கழுத்து வீங்கியது.

முதலில் தாலிக்கயிறு இறுக்கமாகத் தெரிந்தது. தளர்த்திக்கொண்டேன். பிறகு கிணற்றடியில் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்:

"கழுத்துல இன்னாடி, மாங்கா ஒளிச்சி வெச்சிக்கினு கீறே?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது நான் முழுகாமல் இருந்தேன்.

கீழத்தெருவில் ஒருத்திக்கு இப்படித்தான் கழுத்தில் கழலை இருந்தது. அவள் பெற்ற பிள்ளைக்குப் பேச்சும் வரவில்லை, வளர்த்தியும் இல்லை. அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. என் வயிற்றைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

மாமியார் வைத்தியரை அழைத்துவந்தார். அவர் சூரணம் கொடுத்துப் பத்தியம் சொன்னார். உப்பு, புளி, மீன், கருவாடு கூடாது. மிளகும் மஞ்சளும் போட்ட கஞ்சி, கிழங்கு மட்டும். நடுவில் முறித்தால் மருந்து வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும் என்றார். மாமியார் எனக்கென்று தனிச் சட்டி வைத்தார். எங்கள் ஊரில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் முதலில் நிறுத்துவது உப்பைத்தான். நானும் அப்படியே சாப்பிட்டேன்.

கழலை பெருத்தது. மல்லாந்து படுத்தால் மூச்சு அடைத்தது. உட்கார்ந்தே தூங்கினேன். அதைப் பார்த்த வீட்டுக்காரர், என் தாய்வீட்டுக்குப் போவதாகத் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு ரயிலில் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா எச்சிலை முழுங்கச் சொல்லிக் கழுத்தைப் பிடித்துப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். கடல் மீனில் இருக்கிற ஒரு சத்து கழுத்துக்கு வேண்டும் என்றார். பாலில் விட்டுக் குடிக்கச் சொட்டு மருந்து கொடுத்தார்.

"மிளகு, மஞ்சள் தப்பில்லம்மா. ஆனா அது இதக் கரைக்காது. மீன் சாப்பிடு."

பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது என்றார்.

கம்பும் மரவள்ளியும்கூட சிலருக்குக் கழலையைக் கூட்டலாம் என்று ரொம்பக் காலம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன்.

பத்தியத்தை முறித்தாலும் பிள்ளைக்கு ஆபத்து, முறிக்காவிட்டாலும் ஆபத்து. ரயிலில் இதே நினைப்பு. திண்டிவனத்தில் இறங்கியதும் வீட்டுக்காரர் மரக்காணத்துக் கருவாடு வாங்கி என் கையில் கொடுத்தார்.

மறுநாள் பத்தியச் சட்டியிலேயே வறுத்தேன். கருவாட்டு வாசனையை ஒளிக்க முடியுமா? களத்திலிருந்த மாமியார் நேராக அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"பத்தியத்த முறிச்சிட்டியா?"

"ஆமாங்க அத்த."

"புள்ளைக்கு எதுனா ஆச்சின்னா?"

"என்னாலதான் ஆச்சின்னு ஊருக்குச் சொல்லுங்க."

பிள்ளை பிறக்கிறவரை அவர் என்னிடம் பேசவில்லை. நான் சொட்டு மருந்து குடித்தேன், மீனும் கருவாடும் தின்றேன். தின்றுவிட்டு வயிற்றில் கை வைத்துக்கொண்டு இருப்பேன். அசைந்த பிறகுதான் எழுந்திருப்பேன்.

பிறந்ததும் குழந்தை அழவில்லை. மாமியார்தான் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார். அழுதது. பெண். அதன் கழுத்தை விரலால் தடவினார். மறுபடியும் தடவினார். பிறகு வெளியே நின்ற மகனிடம் சொன்னார்:

"சந்தைக்குப் போய் சுறாக் கருவாடு வாங்கிக்கினு வா. பால் ஊறணும்."

பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கம் அதுதான் கொடுப்பார்கள். அந்தப் பத்தியச் சட்டியில்தான் செய்தார்.

என் கழலை பாதி வற்றியது. மீதி இன்னும் இருக்கிறது. மருந்தா, மீனா, எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் பயம் அதோடு போகவில்லை. பிள்ளைக்குப் பேச்சு வர வேண்டுமே. நானும் மாமியாரும் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் அவர் கேழ்வரகு புடைக்கும்போது அது தவழ்ந்து போய்ப் பாட்டியை "ஆயா" என்றது.

மாமியார் முறத்தைக் கீழே வைத்தார்.