அக்காவிடம் மாற்றிச் சொன்னது

நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாருக்கு நோய் வந்தாலும் பதுளை ஆஸ்பத்திரிக்குத் துணையாக என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஹாலிஎலயில் ஆசிரியை, சிங்களம் தெரிந்தவள். டொக்டர் சொல்வதைத் தமிழிலும் இவர்கள் சொல்வதைச் சிங்களத்திலும் சொல்லியே என் லீவெல்லாம் தீர்ந்தது. அலுத்துப்போன வேலை.

அக்காவை அழைத்துப்போன அன்றும் டொக்டர் என்னைப் பார்த்தே பேசினார். புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது, வெட்டிப் பயனில்லை, வலிக்கு மருந்து தரலாம் என்றார். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வயித்துல புண்ணுதானாம். மருந்து குடிச்சா ஆறிருமாம்" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை அன்றைக்குத் தொடங்கியது. மாதாமாதம் கிளினிக், மாதாமாதம் புதுப் பொய். போன தடவை என்ன சொன்னேன் என்பதை வேறு ஞாபகம் வைக்கவேண்டும். எலும்பும் தோலுமாக இருந்தவளிடம் "முகம் தெளிஞ்சிருக்கே" என்பேன். அவளும் சிரிப்பாள். வீடு திரும்பினால் பிள்ளைகளின் கொப்பி திருத்தக்கூட எனக்குத் தெம்பிருக்காது.

மழை பிடித்த ஒரு மத்தியானம் அவளைப் பார்க்கப் போனேன். வெலிமடையிலிருந்து ஒரு சிங்களப் பெண் வந்திருந்தாள். தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில் அக்கா அங்கே உருளைக்கிழங்கு தோண்ட நாட்கூலிக்குப் போவாள், அந்தப் பழக்கம். நான் வாசலில் நிற்பது தெரியாமல் அக்கா பேசிக்கொண்டிருந்தாள். கொச்சைச் சிங்களம்தான், ஆனால் தடுமாற்றமே இல்லை. ஈரலுக்குப் பரவிவிட்டது, வெட்டிப் பயனில்லை. டொக்டர் சொன்னது அப்படியே வந்தது.

இருபது வருடம் சிங்களப் பெண்களோடு குனிந்து நிமிர்ந்தவளுக்கு அந்த மொழி வந்திருக்கும் என்று இந்த ஆசிரியைக்குத் தோன்றவே இல்லை. படிக்காதவளுக்கு என்ன தெரியும் என்ற திமிர்தான், வேறென்ன.

வந்தவள் போன பிறகு அக்கா சொன்னாள்: "நீ கஷ்டப்பட்டு சொல்றியேன்னு நம்புற மாதிரி இருந்தேன். இனிமே முடியல தங்கச்சி. அடுத்த தடவ டொக்டர் சொல்றத அப்படியே சொல்லிரு."

அடுத்த கிளினிக்கில், இனி வரத் தேவையில்லை, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்றார் டொக்டர். இருவர் காதிலும்தான் விழுந்தது. இருந்தும் அவள் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.

"இனிமே செய்றதுக்கு ஒண்ணும் இல்லையாம்க்கா."

அப்போதுதான் அக்கா அழுதாள். அத்தனை மாதமும் அவளை அழவிடாமல் வைத்திருந்தவள் நான்.