மேடு பார்த்து நிறுத்திய கார்

வத்தேகம டவுனில் எந்தக் கடைக்கு முன்னால் தரை எவ்வளவு சரிந்திருக்கிறது என்பது டொரதி டீச்சருக்கு மனப்பாடம். துணிக்கடை வாசல் சமதரை, அங்கே காரை நிறுத்த முடியாது. மருந்துக்கடைப் பக்கம் கொஞ்சம் சரிவு உண்டு, ஆனால் முன்னால் ஒரு லொறி வந்து நின்றுவிட்டால் போச்சு. மாதா கோயிலுக்கு மேலே இருக்கும் வளைவுதான் நம்பிக்கையான இடம். அங்கே காரை விட்டுவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, சாமான் வாங்கிக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். ஏறுவது எப்போதும் டொரதிதான். அவள் கணவர் யாகப்பர் காரிலேயே உட்கார்ந்து பேப்பர் வாசிப்பார்.

யாகப்பர் பன்விலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். இங்கிலாந்துக்குத் திரும்பிப் போன துரை ஒருவரிடம் சாம்பல் நிற மொரிஸ் மைனர் ஒன்றை வாங்கியிருந்தார். அடுத்த வருடமே அதன் பெட்டரி அடிக்கடி இறங்க ஆரம்பித்தது. கண்டியில் ஒரு கராஜ்காரன் பொனட்டைத் திறந்தான், ஒரு பார்வை பார்த்தான், "டைனமோ எரிஞ்சிருச்சு, புதுசுதான் போடணும்" என்று சொல்லி மூடினான். அது எழுபதாம் ஆண்டுக்குப் பிந்திய காலம். இறக்குமதிக்குத் தடை, வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராது. பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ எங்கே கிடைக்கும்? கை விரித்த டாக்டரின் பேச்சைக் கேட்பதுபோல யாகப்பர் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அன்றிலிருந்து அவர் ஸ்டார்ட்டரைத் தொடுவதில்லை. காரைச் சரிவில் உருளவிட்டு, இரண்டாவது கியரில் கிளச்சை விட்டால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றும் வழியும் இருந்தது. ஒரு தடவை அது திருப்பி அடித்து மணிக்கட்டு முறிந்ததில், அந்தக் கைப்பிடி சாக்கில் சுற்றப்பட்டு டிக்கிக்குள் போய்விட்டது. ஹெட்லைட் போட்டால் பெட்டரி தாங்காது என்பதால் இருட்டுமுன் வீடு வந்துவிட வேண்டும். டிசம்பரில் நத்தார் நடுச்சாமப் பூசைக்கு, கார் இருந்தும் இருவரும் நடந்தே போனார்கள். சார்ஜ் ஏறவில்லை என்று டாஷ்போர்டில் சதா எரியும் சிவப்பு லைட் கண்ணை உறுத்துகிறது என்று யாகப்பர் அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டார். வாரம் விட்டு வாரம் பெட்டரி டவுனில் லாபிர் என்பவரின் கடைக்குச் சார்ஜுக்குப் போய் வந்தது.

சரிவு போதாத இடத்தில் அவர் பின்னால் நின்று தள்ளுவார். ஸ்டீரிங்கில் டொரதி.

"விடு டொரதி, இப்ப விடு!"

அவள் கிளச்சிலிருந்து காலை எடுப்பாள். கார் குதித்து உறுமும். அவளிடம் படிக்கும் பிள்ளைகள் சந்தையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இப்படியே ஐந்து வருடம் ஓடிவிட்டது.

மகள் கிறேஸ் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் நர்ஸ், அங்கேயே கல்யாணம் கட்டியவள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வர வேண்டும். ஏழாம் மாதம் முடிந்து பஸ்ஸில் அவ்வளவு தூரம் குலுங்கி வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நாம கார்ல போய்க் கூட்டிட்டு வருவோம்," என்றாள் டொரதி.

யாகப்பர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "மட்டக்களப்புல மேடு எங்க இருக்கு? முழுக்கத் தட்டை. ஒருக்கா நிண்டா நிண்டதுதான்."

"அப்ப வண்டியத் திருத்துங்க."

"டைனமோவுக்கு எங்க போறது?"

மஹ்மூத் தோட்டத்து லொறி டிரைவர், மடவளைக்காரர். முற்றத்தில் கொழுந்துச் சாக்கை உதறிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "டைனமோ போயிட்டுண்டு ஆரு பாத்த, ஐயா?"

கராஜ்காரன் பொனட்டைத் திறந்து எட்டிப் பார்த்ததோடு சரி. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் யாகப்பருக்கே உறைத்தது.

"அதுல ரெண்டு வயர் இரிக்கி. ரெண்டையும் களட்டிட்டு, டைனமோ முனை ரெண்டையும் ஒரு கம்பியால சேத்துடுங்க. அந்தக் கம்பிக்கும் இஞ்சின் இரும்புக்கும் நடுவுல ஒரு பல்ப புடிச்சு, இஞ்சின ஓட்டிப் பாருங்க. பத்திச்சிண்டா டைனமோ நல்லம்." சொல்லிவிட்டு அவர் லொறியை எடுத்துக்கொண்டு ஃபெக்டரிக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை, சார்ஜ் ஏற்றிய பெட்டரியோடு வீட்டு வாசலிலேயே வேலை தொடங்கியது. டொரதி சுடுதண்ணீர் ஊற்றி பெட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளையைத் தேய்த்துக் கழுவினாள். யாகப்பர் ஹெட்லைட் பல்பைக் கழற்றி மஹ்மூத் சொன்னபடி பிடித்தார். டொரதி ஸ்டீரிங்கில் உட்கார்ந்து ஸ்டார்ட்டரை இழுத்து, மெல்ல எக்ஸலேட்டரை மிதித்தாள்.

"என்னங்க, எரியுதா?"

கதவு வழியே எட்டிப் பார்த்தாள். யாகப்பர் கையில் பல்ப் பளீரென்று எரிந்துகொண்டிருந்தது.

அவர் பல்பை பொனட் விளிம்பில் வைத்துவிட்டுப் படிக்கல்லில் போய் உட்கார்ந்தார். டொரதி இஞ்சினை நிறுத்தினாள். அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை, கோபம்தான். எத்தனை தடவை கூடையோடு அந்த வளைவை ஏறியிருப்பாள். வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டு, "டைனமோ நல்லாத்தான் இருக்கு. அப்ப வயரப் பாருங்க," என்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. அவளே இறங்கினாள்.

டைனமோவிலிருந்து, சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்டவுட் பெட்டிக்குப் போகும் இரண்டு வயர்களையும் பெட்டிப் பக்கத்திலும் கழற்றினாள். பெட்டரியிலிருந்து ஒவ்வொரு வயர் வழியாகவும் பல்புக்குக் கரண்ட் கொடுத்துப் பார்த்தாள். தடித்த வயரில் எரிந்தது. மெல்லிய வயரில் எரியவில்லை. வெளியே துணியுறை ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. விரலால் நீவிக்கொண்டே வந்தபோது, இரும்புக் கவ்வி பிடிக்கும் இடத்தில் மட்டும் அது துவண்டு மடங்கியது. உள்ளே செம்பு அறுந்திருந்தது.

"இங்க வாங்க. இது ஒண்ணுதான்."

யாகப்பர் வந்து பார்த்தார். அலுமாரிக்கு மேலே கிடந்த பழைய அயன்பெட்டியின் வயரை வெட்டி, அவரே முனை சீவி, அந்த இடத்தில் போட்டு முறுக்கினார். மறுபடி ஸ்டார்ட் செய்தபோது டொரதி டாஷ்போர்டில் இருந்த பிளாஸ்டரை நகத்தால் உரித்தாள். சிவப்பு லைட் எரிந்தது. எக்ஸலேட்டரை மிதித்தாள். அணைந்தது. விட்டாள், மினுக்கியது. மிதித்தாள், அணைந்தது.

"அந்தக் கராஜ்காரன்..." என்று யாகப்பர் தொடங்கினார்.

"அவன் ஒரு தடவ பாத்தான். நாம அஞ்சு வருஷம் பாக்கல," என்றாள் டொரதி. உரித்த பிளாஸ்டரைச் சுருட்டி எறிந்துவிட்டு உள்ளே போனாள். மத்தியானம் சாப்பிட்ட கோப்பைகளை அவரே கழுவி வைத்தார்.

அடுத்த கிழமை மகியங்கனை வழியாக மட்டக்களப்புக்குப் போனார்கள். கிறேஸின் வீடு மணல் தரையில், மேசைபோல மட்டமான இடத்தில் இருந்தது. திரும்பும் நாள் யாகப்பர் சாவியைப் போட்டு ஸ்டார்ட்டரை இழுத்தார். ஒரே இழுப்பில் இஞ்சின் பிடித்தது. சந்தேகத்தில் நிறுத்திவிட்டு இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். "போதும்பா, போவோம்," என்று பின்சீட்டிலிருந்து கிறேஸ் சிரித்தாள். மகியங்கனைக்கு மேலே பதினெட்டு வளைவுப் பாதையில் ஏறும்போது மழையும் பனியும் மூடிவிட்டன. யாகப்பர் ஹெட்லைட்டைப் போட்டு, வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துக்கொண்டு ஏறினார். கிறேஸ் தாய் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். இரண்டு மாதத்தில் கண்டி ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது.

பிள்ளைக்கு ஞானஸ்நானம் முடிந்த மறுநாள் டொரதி யாகப்பரிடம் ஒன்று கேட்டாள்.

"கிளச் விடத் தெரியும், ஸ்டீரிங் புடிக்கத் தெரியும். மிச்சத்தையும் சொல்லித் தாங்களேன்."

"இந்த வயசுலயா?"

"அஞ்சு வருஷம் கூடையோட மேடு ஏறின வயசுதானே."

அவர் மறுக்கவில்லை. மறு வருடம், நாற்பத்தேழாவது வயதில், டொரதி லைசன்ஸ் எடுத்தாள். பன்விலைப் பாதையில் அந்தச் சாம்பல் நிறக் காரை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தாள். வழியில் நிற்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொள்வாள். பென்ஷன் எடுக்கும்வரை அது ஒரு நாளும் அவளை நடுவழியில் விட்டதில்லை.