கழுத்தளவு வேலை

எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வந்த மேலாளர் புனேக்காரர். ஒருநாள் காலை மீட்டிங்கில் ஏதோ ஒரு தாமதத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "அயாம் அப் டு மை நெக் இன் இட்" என்றார். கழுத்து வரை அந்த வேலைக்குள் மூழ்கிக் கிடக்கிறாராம். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. நாம் தலைக்கு மேல் வேலை என்று சொல்கிறோம். அதில் ஆளே தெரிவதில்லை. இங்கிலீஷ்காரன் கழுத்தோடு நிறுத்திக்கொள்கிறான். முகம் வெளியே இருக்கும், மேலாளர் கண்ணில் படும்.

போனில் தேடிப் பார்த்தேன். ஒன்றில் ஆழமாக ஈடுபட்டிருப்பது என்று முதல் வரி. பெரும்பாலும், எளிதில் வெளியே வர முடியாத சிக்கலில் என்று அடுத்த வரி. நான் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டேன். டிப்ளமோவையும் அப்படித்தான் படித்தேன்.

ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி அது. நான் தரப் பிரிவில் சூப்பர்வைசர். தினமும் காலையில் எல்லோரும் வெள்ளைப் பலகை முன்னால் நிற்போம். பலகையின் கடைசிக் கட்டம் ‘பொறுப்பு’. எவன் வாயைத் திறக்கிறானோ அவன் பெயர் அதில் ஏறும். அனுபவசாலிகள் தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் எது பேசினாலும் அப் டு மை நெக் என்று சேர்த்துச் சொன்னேன். ஒரே மாதத்தில் என் பெயர் ஐந்து இடத்தில் ஏறிவிட்டது. பெருமையாக இருந்தது.

வீட்டிலும் அதே பேச்சுதான். "மாவு அரைச்சிட்டு வாங்கன்னா இங்கிலீஷ் பேசுறீங்க" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மகளுக்குப் புதுநன்மை வந்தது. பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு அடுத்தபடியான விசேஷம். பிள்ளை மெழுகுவத்தி ஏந்தி நடக்கும்போது அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கமும் கூட நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்குப் பூசை. அதற்கு முந்தைய புதன்கிழமை மீட்டிங்கில், திங்களன்று கஸ்டமர் ஆடிட் என்று அறிவித்தார்கள். ஸ்டோர் ரேக்குகளுக்கு லேபிள் ஒட்ட வேண்டும். யாரும் கேட்காமலே நான் கையைத் தூக்கினேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, எட்டுக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, மூக்கண்டப்பள்ளி வீட்டிலிருந்து பைக்கில் கிளம்பினேன். கம்பெனியில் கன்னடக்கார ஆபரேட்டர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "நேத்தே எல்லாம் ஒட்டிட்டோம் சார். பாப்பாவுக்கு விசேஷம்னீங்களே, கெளம்புங்க" என்றார்.

அப்படியே திரும்பியிருக்கலாம். ஆனால் என் பெயர் போட்ட வேலை என் கை படாமல் முடிந்திருக்கிறதே! உற்றுப் பார்த்தேன். ஒரு ரேக்கில் எழுத்து கொஞ்சம் சின்னதாக இருந்தது. எல்லாவற்றையும் கிழித்துவிட்டுப் புதிதாக பிரிண்ட் போட உட்கார்ந்தேன். பிரிண்டர் பேப்பரைத் தின்றது. ஆபரேட்டர் இன்னொரு டீ வாங்கப் போனார். நான் கடிகாரத்தைப் பார்த்தபோது ஒன்பதேகால்.

சேஃப்டி ஷூவோடு சர்ச்சுக்குள் ஓடினேன். பிள்ளைகள் பீடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வெள்ளை கவுனில் என் மகள். ஒரு பக்கம் என் மனைவி. இன்னொரு பக்கம், நான் நிற்க வேண்டிய இடத்தில், இஸ்திரி போட்ட சட்டையில் என் மச்சான். ஐந்து பொறுப்புக்குச் சொந்தக்காரன் தூணுக்குப் பின்னால் நின்றேன். வெட்கமாக இருந்தது.

பூசை முடிந்ததும் மறைக்கல்வி நடத்தும் சிஸ்டரிடம் முந்திக்கொண்டு போனேன். "மன்னிச்சுக்குங்க சிஸ்டர். திடீர்னு ஆடிட் வந்துடுச்சு. நல்லவேளை, கடைசி நேரத்துல மச்சான் நின்னுட்டாரு."

"கடைசி நேரத்துலயா?" என்றார் சிஸ்டர். "போன ஞாயித்துக்கெழமை ஒத்திகைக்கே அவர்தானே வந்தாரு. அப்பா வர மாட்டாரு, மாமா நிக்கட்டும்னு உங்க பொண்ணுதான் பேர் குடுத்தா."

மகள் தூரத்தில் மாமாவோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை ஆடிட் என்ற பேச்சே யார் வாயிலும் இல்லை.