மதியக்கொடையில் அணைந்த மைக்

தென்காசியில் இறங்கி மைக்செட் உச்சிமாகாளி வீடு எது என்று கேட்டால் ஆட்டோக்காரர்களே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். வயது ஐம்பத்துமூன்று. முப்பது வருஷத்துக்கு மேலாக இந்தச் சுற்றுவட்டாரத்துக் கோவில் கொடைத் திருவிழாக்களில் ஊர் கேட்ட பாட்டில் பாதி அவருடைய வயர் வழியாகப் போனதுதான்.

அவர் தொழிலுக்கு வந்தபோது பனைமரத்தில் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கர்களும் ஒரு மைக்கும்தான் இருந்தன. வில்லுப்பாட்டுக்கு ஆறு பேர் உட்கார்ந்தாலும் அந்த ஒரு மைக்கை வில்லுக்கு மேலே தொங்கவிடுவார்கள். நையாண்டி மேளத்துக்கு மைக்கே தேவைப்படாது. நாதசுரமும் தவிலும் பம்பையும் இரண்டு தெரு தள்ளிக் கேட்கும். கணியான் கூத்துக்காரர்கள் மகுடம் என்கிற பறையைத் தீயில் காய்ச்சிச் சுதி ஏற்றுவதை அவர் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறார். பிறகு கீபோர்டும் டிரம்ஸுமாக மெல்லிசைக் குழுக்கள் வந்தன. குற்றாலம் சீசனில் ஒரே வாரத்தில் நாலு மேடை போட்ட வருஷங்கள் உண்டு. கடைசியாக, கொஞ்ச வருஷங்களாக, புளியரை எல்லை தாண்டிக் கேரளத்திலிருந்து செண்டை மேளம் வருகிறது. முப்பது பேர் ஒரே மாதிரி வேட்டி கட்டி வரிசையாக நின்று அடிக்கும்போது ஊர்ப் பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பார்கள்.

உச்சிமாகாளிக்கு இதில் எதன்மேலும் குறை கிடையாது. செண்டைக்காரர்கள் நேரத்துக்கு வருவார்கள், மரியாதையாகப் பேசுவார்கள். ஆனால் பேராச்சி வில்லு என்றால் மட்டும் ஆளை அனுப்பாமல் அவரே போய் மிக்சரில் உட்காருவார்.

பேராச்சி சுந்தரபாண்டியபுரத்துக்காரி. அவள்தான் குழுவில் தலைமைப் பாட்டு. புருஷன் வேல்ராஜ் குடம் அடிப்பான். தங்கை முத்துச்செல்வி இடப்பக்கம் இருந்து பின்பாட்டுப் பாடி, கேள்வி கேட்டு, சிரிக்க வைப்பாள். பேராச்சியின் குரல் மெல்லியது அல்ல, இனிமையானது என்றும் எல்லாரும் சொல்லிவிட மாட்டார்கள். ஆனால் அம்மனைக் கூப்பிடும் பாட்டுக்கு வரும்போது அந்தக் குரலுக்குச் சாமியாடி எழுந்திருக்காத ஊரே கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன் சித்திரை மாதம். பண்பொழிப் பக்கத்தில் ஒரு ஊரில் முப்பிடாதி அம்மன் கொடை. செவ்வாய்க்கிழமை காலையிலேயே வில்லு ஆரம்பித்துவிட்டது. கணபதி வணக்கம் பாடும்போது மைக் ஒருமுறை ஊளையிட்டது. உச்சிமாகாளி எதையோ திருகினார். மறுபடி ஊளையிட்டது. மூன்றாவது தடவையும் கத்தியபோது பேராச்சி பாட்டை நிறுத்தி, வில்லுப்பாட்டில் வழக்கமாகச் செய்கிற கேலிபோல, தங்கையிடம் கேட்டாள்.

"ஏட்டி முத்துச்செல்வி, மைக்செட்டு அண்ணாச்சிக்கு ஒரு காது மந்தமாயிட்டோ?"

"ஒரு காதா, ரெண்டு காதா, விசாரிச்சுட்டுச் சொல்லுதேன் அக்கா" என்றாள் முத்துச்செல்வி. பந்தல் முழுக்கச் சிரித்தது.

உச்சிமாகாளியும் சிரித்தார். ஆனால் இடது காது ஒரு வருஷமாகவே அவருக்குச் சரியில்லை. மைக் ஊளையிடப்போகும் அந்த மெல்லிய இரைச்சல் முன்பெல்லாம் முதலில் அவருக்குத்தான் கேட்கும். இப்போது எல்லாருக்கும் கேட்ட பிறகே அவருக்குக் கேட்டது. மனைவியிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை. மைக்செட்காரனுக்குக் காது போச்சு என்று ஒரு ஊரில் தெரிந்தால் போதும், அடுத்த கொடைக்கு வேறு ஆளைப் பார்ப்பார்கள். தற்செயலாக வாயில் வந்த கேலி என்று தெரிந்தும் அவருக்கு ஆறவில்லை.

மத்தியானம் செண்டைக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்து இறங்கினார்கள். சாயங்காலம் அவர்களுக்கு வேறொரு ஊரில் நிகழ்ச்சி இருந்தது. பேராச்சியின் கதையோ அம்மன் வரம் வாங்கிக்கொண்டு பூமிக்கு இறங்கும் கட்டத்துக்கு அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. விழாக் கமிட்டியில் விஜய்பாண்டி என்று ஒரு இளைஞன். சென்னையில் போலீஸ் வேலை, கொடைக்காக லீவில் வந்திருந்தான். செண்டை ஏற்பாடு அவனுடையது. அவன் மிக்சர் பக்கம் வந்து குனிந்து, "அண்ணாச்சி, வில்லுச் சத்தத்தக் கொஞ்சம் கொறைச்சு வையுங்க. இவங்க ஒரு சுத்து அடிச்சுட்டுப் போயிரட்டும்" என்றான்.

குறைக்கத்தான் சொன்னான். உச்சிமாகாளி குறைக்கவில்லை, அணைத்தார். பேராச்சியின் மைக்கை மட்டும் முழுசாக இறக்கினார்.

பேராச்சி மைக்கை விரலால் தட்டிப் பார்த்தாள். தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் விரித்து, வயர் போய்விட்டது என்பதுபோல் ஜாடை காட்டினார். அவள் தலையசைத்தாள்.

அவள் நிறுத்திவிடுவாள் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் அம்மன் கதையைப் பாதியில் நிறுத்தும் வழக்கம் வில்லுக்காரர்களுக்கு இல்லை. இறங்கி வருகிற அம்மனை நடுவழியில் நிறுத்தியதாகிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. பந்தலுக்கு வெளியே முப்பது செண்டையும் ஒன்றாக எழுந்தன. பேராச்சி வீசுகோலை வில்லில் ஓங்கி அடித்து, கழுத்து நரம்பு புடைக்கப் பாடினாள். வேல்ராஜ் குடத்தை உடைத்துவிடுவதுபோல் அறைந்தான். செண்டை ஒரு சுற்று என்றது மூன்று சுற்றானது. உச்சிமாகாளியின் விரல் அந்த மைக்கின் குமிழ்மேலேயே இருந்தது. ஏற்றினால் போதும். ஆனால் இப்போது ஏற்றினால் காட்டிய ஜாடை பொய் என்றாகிவிடும் என்று உட்கார்ந்திருந்தார். சாமியாடி ஆடினார். பேராச்சி வாழி பாடி முடித்தாள். முடிக்கும்போது அவள் குரலில் ஒரு கீறல் இருந்தது. அதை அவர் வலது காதால் நன்றாகவே கேட்டார்.

மறுநாள் அவளுக்குப் பேச்சு வரவில்லை. ஒரு வாரம் பனங்கற்கண்டும் மிளகும் தின்று பார்த்தாள். பிறகு திருநெல்வேலி டாக்டரிடம் போனபோது, குரல் நாணில் ரத்தம் கட்டித் தழும்பாகிவிட்டது, பேசலாம், ஆனால் இனிப் பாட்டு கஷ்டம் என்று சொல்லிவிட்டார். அவளுக்கு அப்போது நாற்பத்தேழு வயது.

ஊர் செண்டையைத் திட்டியது, விஜய்பாண்டியைத் திட்டியது. உச்சிமாகாளியை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. பேராச்சியே காற்றுமாதிரி வருகிற குரலில் எல்லாரிடமும், "அவிய என்ன செய்வாவ? வயர் போனா ஆள் என்ன செய்ய முடியும்?" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதை அவரும் கேள்விப்பட்டார்.

அவளை டாக்டரிடம் கூட்டிப்போக அவரே வண்டியைக் கொண்டுபோனார். ஒருமுறை, இருமுறை அல்ல, கூப்பிட்டபோதெல்லாம் போனார். பெட்டிகள் ஏற்றும் வண்டியைக் கழுவி, முன்சீட்டில் துண்டு விரித்து வைப்பார். வேல்ராஜ், "கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் அண்ணாச்சி" என்று கையைப் பிடித்துக்கொண்டான். தென்காசியில் இன்னொரு மைக்செட்காரர் அவரை நாலு பேர் முன்னால் புகழ்ந்தார். அந்தப் புகழ்ச்சியைக் கேட்கப் பயந்தே அவர் டீக்கடைக்குப் போவதைக் குறைத்தார். உண்மையைச் சொல்லலாம் என்று ஒவ்வொரு பயணத்திலும் நினைத்தார். சொன்னால் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் பக்கத்தில் தொண்டையில் துணி சுற்றி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வாய் வராது.

ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. ஒருநாள் திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது, ஆலங்குளம் தாண்டிக் காற்றாலைகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் வேல்ராஜ் தூங்கிவிட்டான். அவர் பேச்சுவாக்கில், இந்தத் தடவை பண்பொழிப் பக்கத்துக் கொடைக்கு முத்துச்செல்வி தலைமையில் பாடப்போவதாகக் கேள்விப்பட்டேனே, நீயும் போகிறாயா என்று கேட்டார்.

"போவேன். பந்தல்ல இருப்பேன். கோயிலுக்குள்ள போக மாட்டேன்" என்றாள் பேராச்சி.

ஏன் என்று கேட்டார். அவள் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். மைக் போன அந்தக் கொடையன்று காலையில் நேரம் போதாது என்று கமிட்டிக்காரர்கள் சொன்னதற்காக, அம்மன் பிறப்புக் கட்டத்தில் பாதியை அவள் விட்டுவிட்டுப் பாடினாளாம். அம்மனுடைய பிறப்பையே சுருக்கினவளுக்கு எதற்குத் தொண்டை என்று அம்மன் எடுத்துக்கொண்டாள். அதற்குத்தான் மைக்கே போனது, இல்லையென்றால் சரியாக அந்த நேரத்தில் வயர் எப்படிப் போகும்? அந்த ஊர்க்காரர்கள் சிலரிடமும் அவளே இதைச் சொல்லியிருக்கிறாள். ஒன்றரை வருஷமாகச் செவ்வாய்க்கிழமை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இரண்டு தடவை அக்கினிச்சட்டி எடுத்திருக்கிறாள். இன்னும் அம்மன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

உச்சிமாகாளி வண்டியை ஓரமாக நிறுத்தினார். என்ன அண்ணாச்சி என்று அவள் கேட்டாள். டயரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி இறங்கி, பின்பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து ஏறினார். அன்றைக்கும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் இல்லை. அதுவரை அவள் குரலைக் கெடுத்தோம் என்ற ஒன்றுதான் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது தன்னுடைய குற்றத்தை எடுத்து அவள் தலையில் வைத்திருக்கிறோம், அவள் அதைச் சட்டியில் நெருப்போடு தூக்கிக்கொண்டு நடக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறி சுந்தரபாண்டியபுரம் போனார். பேராச்சி வாசலில் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வேல்ராஜும் இருந்தான். அவர் உட்காராமல் நின்றபடியே சொன்னார். குறைக்கச் சொன்னதையும், தான் அணைத்ததையும், கை விரித்துக் காட்டிய ஜாடையையும், காதையும், சிரிப்பையும், ஒன்றையும் விடாமல் சொன்னார்.

வேல்ராஜ் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தான். பேராச்சி அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். எழும்பாத அந்தக் குரலில் அவள் பேசியதைக் கேட்க உச்சிமாகாளி வலது காதைத் திருப்ப வேண்டியிருந்தது.

"காது கேக்கலன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. மேடையிலயே மன்னிப்புக் கேட்டிருப்பேன். அதச் சொல்ல வெக்கப்பட்டு என் தொண்டைய எடுத்துட்டிய. அது போவட்டும். நான் அம்மனுக்கு ஆவாதவள்னு நெனச்சு நடந்தேனே, அத எப்படித் திருப்பித் தருவிய?"

அவள் வற்றலைப் பரப்பிவிட்டு மறுபடி சொன்னாள்: "எங்கிட்டச் சொன்னாப் போதாது. அந்த ஊர்ல வந்து சொல்லுங்க. அம்மனுக்கு முன்னால சொல்லுங்க."

சித்திரைக் கொடைக்கு அவர் போனார். வில்லு தொடங்குவதற்கு முன் கமிட்டியிடம் கேட்டு மைக்கை வாங்கினார். எத்தனையோ ஆயிரம் பேருக்கு மைக் கொடுத்தவர், சோதனைக்கு ஹலோ சொன்னது தவிர, அதில் தாம் பேசியது அதுதான் முதல் தடவை. நடந்ததைச் சொன்னார், சொன்னதையே இரண்டு தரம் சொன்னார். பந்தலில் சிலர் ஏசினார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார், பக்கத்திலிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். விஜய்பாண்டி அந்தத் தடவையும் லீவில் வந்திருந்தான். இரண்டு வருஷமாக ஊர்ப் பேச்சைச் சுமந்த அவன், எழுந்து வெளியே போய்விட்டான். இனி இந்தக் கோவிலுக்கு உங்கள் செட் வேண்டாம் என்று கமிட்டித் தலைவர் அங்கேயே சொன்னார். சரி என்று உச்சிமாகாளி இறங்கினார்.

பேராச்சி அதற்குள் எழுந்துவிட்டிருந்தாள். பந்தலைத் தாண்டி, கோவில் நடையில் ஏறி, உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. முத்துச்செல்வி வில்லில் கோலை வைக்காமல் அக்கா வரும்வரை காத்திருந்தாள்.

அவள் அவரை மன்னித்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை, அவரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து பேராச்சி அவரிடம் பேசுவதில்லை. டாக்டரிடம் பஸ்ஸில் போகிறாள். வண்டி கொண்டுவரட்டுமா என்று அவர் போனில் கேட்டதற்கு, வேண்டாம் அண்ணாச்சி, அவளுக்குப் பிடிக்காது என்று சொல்லி வேல்ராஜ் வைத்துவிட்டான்.

உச்சிமாகாளி காதைச் சோதித்துக் கருவி மாட்டிக்கொண்டார். அது தெரிந்ததும் சில ஊர்கள் கைவிட்டுப் போயின, அவர் பயந்த அளவுக்குப் போகவில்லை. மிக்சரை மகள் ஜெயபிரியாவிடம் கொடுத்துவிட்டார். டிப்ளமோ படித்த பெண், காது கூர்மை. அவர் பெட்டி தூக்குகிறார், வயர் இழுக்கிறார்.

இந்த ஆடியில் குற்றாலம் சாரல் விழாவில் முத்துச்செல்வி குழுவின் வில்லுப்பாட்டு. பேராச்சி இப்போது உடுக்கை பிடிக்கிறாள். ஒரு வருஷமாகக் கற்றுக்கொண்டு, பாட்டுக்குக் குரலால் கொடுத்ததையெல்லாம் விரலால் கொடுக்கப் பார்க்கிறாள். இன்னும் சில இடங்களில் தாளம் முந்திவிடுகிறது என்று வேல்ராஜ் கண்டித்துக்கொண்டே இருக்கிறான். மேடைக்கு முன்னால், அருவியில் குளித்து வந்த கூட்டம் குடை பிடித்துக்கொண்டு நின்றது. பேராச்சி ஜெயபிரியாவை அருகில் அழைத்து உடுக்கைக்கு என்ன வேண்டும் என்று சொன்னாள். இரண்டு பேரும் தலையாட்டிச் சிரித்துக்கொண்டார்கள்.

உச்சிமாகாளி மேடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருந்தார். அந்தச் சிரிப்பு தமக்கானது இல்லை என்று அவருக்குத் தெரியும். சாரல் வலுத்தபோது ஒரு பெட்டியின்மேல் பாலித்தீன் விலகியிருந்தது. அதை இழுத்து மூடப் போனார்.