பிட் அக்கா அடித்த ஐந்நூறு நோட்டீஸ்

அச்சகத்தில் அவளைப் பிட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைத்திறப்பு, தள்ளுபடி என்று தெருவில் போகிறவர்கள் கையில் திணிப்பார்களே, அந்தப் பிட் நோட்டீஸைப் பிழையில்லாமல் கண்மூடித் திறப்பதற்குள் அமைத்துத் தர அவளை விட்டால் ஆளில்லை. பெயருக்கு அதுதான் காரணம் என்று முதலாளிகூட நினைத்துக்கொண்டிருந்தார். அவளும் திருத்தவில்லை. ஆனால் அந்தப் பெயர் அவள் அச்சகத்துக்குள் கால் வைப்பதற்கு ஆறு வருடம் முன்பே அவள்மேல் ஒட்டிக்கொண்டது.

அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. பள்ளிப் பொதுத்தேர்வு, வரலாற்றுப் பரீட்சை. நாலைந்து பள்ளிப் பிள்ளைகளை ஒரே அறையில் கலந்து உட்கார வைத்திருந்தார்கள். அவளுக்குப் பின் பெஞ்சில் வேறு பள்ளிப் பெண் ஒருத்தி. பறக்கும் படை வாசலில் தலைகாட்டிய நிமிஷம், விரல் நீளத்துக்கு மடித்த காகிதம் ஒன்று இவள் காலடியில் வந்து விழுந்தது. பிட்!

"யாரோடது இது?" என்றார் வந்த அதிகாரி.

பின் பெஞ்சுப் பெண் எழுந்து நின்றாள். குரல் பிசிறவே இல்லை. "இவளோடதுதான் சார். இவ மடியிலேர்ந்துதான் விழுந்துச்சு. நான் பார்த்தேன்."

அவ்வளவுதான். இவள் அழுத அழுகை சுவரில் மோதித் திரும்பியது. மூன்று வருடம் பரீட்சை எழுதத் தடை. வீட்டுக்கு வந்த விசாரணைக் கடிதத்தோடு அந்தப் பிட்டின் நகலையும் இணைத்திருந்தார்கள். 'இது என் கையெழுத்தே இல்லை' என்று இரண்டு பக்கம் பதில் எழுதிப் போட்டாள். யாரும் பிரித்துப் படித்ததாகத் தெரியவில்லை. அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். மனு எங்கே கொடுப்பது, யாரைப் பார்ப்பது என்று அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடிதத்தையும் நகலையும் பத்திரமாகப் பெட்டியில் வைத்தார். அவரால் முடிந்தது அதுதான்.

பிட் அடித்தவள் என்பதைத் தெருப்பிள்ளைகள் சுருக்கி 'பிட்' ஆக்கினார்கள். நடந்ததைச் சொல்லி மன்றாடினால், "நல்லாப் பிட் போடுறா பாரு" என்று சிரித்தார்கள். பொய்யை அவிழ்த்துவிடுவதற்கும் அதே வார்த்தைதானே! உண்மையைச் சொல்லச் சொல்ல அந்தப் பெயர்தான் இறுகியது. தடை முடிந்தபோது திரும்பப் போய்ப் பரீட்சை எழுத அவளுக்கு முகமில்லை.

அதைவிடக் கேவலம் ஒன்று பாக்கியிருந்தது. இருபது வயதில் ஒரு சம்பந்தம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை நல்ல மனுஷன்தான், ஒரு கடையில் கணக்கெழுதுகிறவர். அவர் சிநேகிதர்கள் எங்கேயோ இவள் பட்டப்பெயரைக் கேட்டுவிட்டார்கள். "பிட்டா? அந்தப் பிட்டாடா?" என்று கண்ணடித்தார்கள். அந்த வயதுப் பையன்கள் திருட்டுத்தனமாகப் பார்க்கும் படத்துக்கும் பிட் படம் என்றே பெயர். அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்து, "ஒத்து வராதுங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சை எடுக்க அவளே விடவில்லை. தங்கைக்கு முடித்துவைத்தாள். அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வார்த்தை யார் வாயிலும் நாறாமல் வந்த ஒரே இடம் அதுதான்.

அந்தப் பரீட்சை நடந்து இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. ஒருநாள் காலை, கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி அச்சகத்துக்கு வந்தார். டியூஷன் சென்டர் நடத்துகிறாராம். ஞாயிற்றுக்கிழமை புதுக் கட்டடம் திறப்பு, ஐயாயிரம் பிட் நோட்டீஸ் வேண்டும் என்று கைப்பட எழுதிய தாளை நீட்டினார்.

தாளை வாங்கியவள் அந்த எழுத்தை உற்றுப் பார்த்தாள். மெய்யெழுத்துப் புள்ளிக்குப் பதிலாகக் குட்டி வட்டம். 'ழ'வின் வால் தூண்டில் முள்மாதிரி பின்னால் வளைந்து ஏறியது. ஏழு என்ற எண்ணின் இடுப்பில் ஒரு கோடு. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். சதை போட்டிருந்தது, தலை நரைத்திருந்தது. அந்தக் குரல் மட்டும் அப்படியே இருந்தது, பிசிறில்லாமல்.

"எழுத்து புரியுதாம்மா?"

"நல்லாப் புரியுது மிஸ்," என்றாள்.

தாளின் முதல் வரி: 'ஒழுக்கமே எங்கள் முதல் பாடம்.'

வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் துழாவி நகலை எடுத்தாள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சந்தேகத்துக்கு இடமேயில்லை. கேட்ட ஐயாயிரத்தையும் ஒரு குறையில்லாமல் அடித்துக் கொடுத்தாள். தொழிலில் கை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. சனிக்கிழமை மதியம், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், வெட்டி எறிந்த துண்டுத்தாள்களில் தன் பங்குக்கு ஐந்நூறு அடித்தாள். இடப்பக்கம் பழைய பிட், அதன் மேல் பரீட்சைத் தேதி. வலப்பக்கம் டியூஷன் மிஸ் எழுதிக் கொடுத்த தாள். கீழே ஒரே வரி: 'இரண்டு கையெழுத்தையும் நீங்களே பாருங்கள். இந்தப் பிட்டுக்காகப் படிப்பை இழந்தவள் நான்.' வாயால் சொன்னால் மறுபடியும் பிட் போடுகிறாள் என்பார்கள். இதற்கு என்ன சொல்வார்கள்?

ஞாயிறு காலை புதுக் கட்டடத்து வாசலில் நின்று, உள்ளே போன ஒவ்வொரு பெற்றோர் கையிலும் ஒன்று கொடுத்தாள். கால்மணி நேரத்தில் மிஸ் வெளியே ஓடிவந்தார். கையில் அந்த நோட்டீஸ்.

"அச்சகத்துல பார்த்தவதானே, யார் நீ? என்ன இது அசிங்கம்?"

"முன் பெஞ்சு," என்றாள் இவள்.

மிஸ்ஸின் முகம் வெளுத்தது. இவளைச் சுவரோரம் இழுத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு அப்போ பதினஞ்சு வயசு. பயந்துட்டேன். தெரியாம செஞ்சிட்டேன்."

"எனக்கும் பதினஞ்சுதான் மிஸ்."

"இப்ப உனக்கு என்ன வேணும்? சொல்லு, செய்றேன்."

"உள்ளே மைக் இருக்குல்ல. அதுல போய் சொல்லுங்க."

மிஸ் இவள் கையை இறுக்கிப் பிடித்தார். இவள் கையை உதறிக்கொண்டு போய் மிச்சமிருந்த நோட்டீஸையும் கொடுத்து முடித்தாள்.

சில பெற்றோர் தாளைக் கசக்கிப் போட்டார்கள். சிலர் பிள்ளைகளை வேறு இடத்தில் சேர்த்தார்கள். அதைவிடப் பெரிய வேலையைப் பிள்ளைகள் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் அந்த சென்டருக்கு 'பிட் சென்டர்' என்றும், அவருக்கு 'பிட் மிஸ்' என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். கரும்பலகைப் பக்கம் அவர் திரும்பினால் பின்னால் கொக்கரிப்பு. கேட்டபோது இவளுக்கு வயிறு குளிர்ந்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. முதலாளிதான் தாம்தூம் என்று குதித்தார். "என்னைக் கோர்ட்டுக்கு இழுத்துடுவியா நீ?" என்றவர், இரண்டு நாள் பேசாமலிருந்து மூன்றாம் நாள் புது வேலையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். மிஸ்ஸும் போலீஸ், கேஸ் என்று எங்கும் போகவில்லை. போனால் கையெழுத்தைக் காட்டச் சொல்வார்களே.

அடுத்த மாதம் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் அச்சகத்துக்கு வந்து நின்றாள். மிஸ்ஸின் மகள்.

"ஆன்ட்டி, அந்த நோட்டீஸ்ல போட்டது நிஜமா?"

"உங்க அம்மாவைக் கேளு."

"கேட்டேன். இல்லவே இல்ல, யாரோ பொறாமையில செஞ்சதுன்னாங்க."

இவளுக்குச் சுருக்கென்றது. சுவரோரம் அந்த அம்மாள் ஒப்புக்கொண்டது இன்னும் காதிலேயே இருந்தது. "அப்படின்னா உங்க அம்மா இன்னமும் பிட் போடுறாங்கம்மா," என்றாள்.

அந்தப் பெண் புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அன்று மாலை தங்கையிடம் நடந்ததைச் சொன்னாள்.

"சின்னப் பொண்ணுக்கா அது. அதுகிட்ட போயா?" என்றாள் தங்கை.

"ஆமா, சொல்லியிருக்க வேணாம்தான்."

"அப்போ நோட்டீஸ் அடிச்சதுக்கும் வருத்தப்படுறியா?"

"அந்தப் பொண்ணுக்காக வருத்தம்தான்டி. அவ அம்மாவுக்குன்னா, இன்னொரு ஐந்நூறு அடிக்கச் சொல்லு, இப்பவே அடிக்கிறேன்."